அண்ணன் மேலே, தம்பி கீழே

எங்கள் சபைப் பாடகர் குழுவில் டெனர் பாடப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம் இது: அமெரிக்கக் கன்ட்ரி ஜோடியான லூவின் சகோதரர்களின் பாட்டு ஒன்றைக் கேட்டு, தம்பி சார்லி பாடும் வரியை மட்டும் சுரப்படுத்திக்கொண்டு வர வேண்டும். இரண்டே ஆண் குரல், ஒரு கிட்டார், ஒரு மாண்டலின், பின்னால் கொஞ்சம் வாத்தியம். இதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பி வரும்போது நோட்டில் இருப்பது பெரும்பாலும் பாதி தம்பி, பாதி அண்ணன். மெட்டைப் பிடித்துக்கொண்டே போயிருப்பார்கள். மெட்டு வழியிலேயே ஆள் மாறிப் போயிருக்கும்.

சார்லிக்கு எட்டாத உயரத்துக்கு மெட்டு ஏறப் போகிறது என்றால், அண்ணன் ஐரா அதை வாங்கிக்கொள்வார். அந்த நேரத்தில் சார்லி அதற்குக் கீழே துணைக்குரலுக்கு இறங்கிவிடுவார். மெட்டு இறங்கினால் பழையபடி தம்பி கைக்கு வரும். அடியின் நடுவில், சில சமயம் ஒரு சொல்லின் நடுவில்கூட, இது நடக்கும். கைமாறிய இடம் காதுக்குத் தெரியாது. மேலே நிற்கிறவர் எப்போதும் அண்ணன்தான். ஆனால் பாட்டின் உடைமை யாரிடம் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது.

கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து பாடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'ரத்தம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கன்ட்ரி இசைக்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள். வருஷக்கணக்காக உறவில்லாத குரல்களைச் சேர்த்துவைக்கப் பாடுபட்ட எனக்கு அந்தச் சொல் போதவில்லை. ரத்தம் என்று ஒதுக்கிவைக்கப்படுவதில் முக்கால்வாசி, காது கொடுத்தால் பிடிபடுகிற வேலை.

லூவின் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். குடும்பப் பெயர் லவுடர்மில்க். ஐரா பிறந்தது 1924இல், சார்லி 1927இல். அலபாமா மாநிலத்தின் வடகிழக்கில் சாண்ட் மவுண்டன் என்றொரு மேட்டுநிலம் உண்டு. அங்கே ஹெனகர் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார்கள். தகப்பனார் பருத்தி விவசாயி, கை நீட்டும் கண்டிப்புக்காரர். அண்ணனுக்கு மாண்டலின், தம்பிக்கு கிட்டார். 1955இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் இடம் கிடைத்தது. அதே வருஷம் 'வென் ஐ ஸ்டாப் ட்ரீமிங்' வெளிவந்தது. அதுவரை பக்திப் பாட்டுக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டிருந்தவர்களின் முதல் காதல் பாட்டு வெற்றி அது.

இவர்கள் காதைப் புரிந்துகொள்ள அந்த மேட்டுநிலத்தின் கோயில் பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1844இல் ஜார்ஜியாவில் தொகுக்கப்பட்ட 'சேக்ரட் ஹார்ப்' என்ற புத்தகத்தை வைத்துப் பாடுகிற வழக்கம் அது. சுரங்களின் தலைக்கு வடிவம் உண்டு: முக்கோணம் ஃபா, முட்டை சோல், சதுரம் லா, வைரம் மீ. வாத்தியம் கிடையாது, கேட்பவர்கள் என்று தனியாக யாரும் கிடையாது. நான்கு பார்ட்டும் சதுரமாக, ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார, ஒருவர் நடுவில் நின்று கையை ஏற்றி இறக்கித் தாளம் காட்டுவார். முதலில் சுரத்தின் பெயரைச் சொல்லி ஒரு முறை, பிறகு சாகித்தியம். தாய்வழி வூட்டன் குடும்பம் இந்த மரபில் பெயர்போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தச் சதுரத்துக்குள் காது திறந்தவர்கள்.

இந்த இடம் எனக்கு அந்நியமாகவே இல்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் பாமாலை நான்கு பார்ட்டாகப் பாடப்படுகிறது. பழைய பாடகர்கள் ஸ்டாஃப் நோட்டேஷனைத் தொடவே மாட்டார்கள். இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்-ஃபாதான் அவர்களுக்கு வேதம். டோ ரே மீ என்று எழுத்தில் எழுதி, முதலில் அதைப் பாடிக் காட்டிவிட்டுத்தான் வார்த்தைக்குப் போவார்கள். வேறு வேறு கரைகளில் ஒரே பழக்கம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை நான் பொறாமையோடுதான் சொல்கிறேன். எங்கள் பாமாலைகளில் மெட்டு சொப்ரானோவிடம் இருக்கும். ஆல்டோ பாடும் பெண்கள் பாவம், இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். சேக்ரட் ஹார்ப் பாட்டுகளில் மெட்டு டெனரிடம் இருந்தாலும், மற்ற ஒவ்வொரு பார்ட்டும் தனியாகப் பாடினாலும் பாட்டாகவே நிற்கும்படி எழுதப்பட்டிருக்கும். அங்கே வளர்ந்த காதுக்குத் துணைக்குரல் என்பது எடுபிடி வேலை அல்ல. ஐராவின் மேல் வரியை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள். மெட்டு தெரியாதவர் அதுதான் மெட்டு என்பார். என் மாணவர்கள் வழி மாறிப் போவதற்கு இதுவும் காரணம்.

கொஞ்சம் கணக்கு பேச வேண்டியிருக்கிறது. சட்ஜத்தை நொடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுத்தமாக ஒத்துப்போகும் அந்தர காந்தாரம் 300. நான்குக்கு ஐந்து என்ற விகிதம். தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால், யாரும் மீட்டாமலே காதில் விழுகிறதே சுயம்பு காந்தாரம், அது இந்த விகிதத்தின் குழந்தைதான். கீபோர்டிலோ ஹார்மோனியத்திலோ இருக்கும் காந்தாரம் இதைவிடக் கொஞ்சம் தூக்கல், ஏறக்குறைய 302.4. இரண்டரை அதிர்வுதானே என்று விட்டுவிட முடியாது. இரண்டு குரலின் மேல் ஸ்வரங்களும் ஒன்றோடொன்று உரசி, நொடிக்கு ஒன்பது பத்து முறை அலை அடிக்கும். சுத்தமான இடத்துக்குக் காந்தாரத்தை இறக்கிவிட்டால் அலை நின்றுவிடும். அதோடு இன்னொன்றும் நடக்கும்: இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 60 அதிர்வு, அதாவது சட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம், யாரும் பாடாமலே காதுக்குள் ஒலிக்கத் தொடங்கும். இரண்டு பேர் பாடும்போது மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பதுபோலத் தோன்றுகிறதே, அதில் மாயமில்லை. கிட்டாரும் மாண்டலினும் கூடவே ஒலிக்கும்போது எல்லாச் சுரத்திலும் இப்படி நிற்க முடியாதுதான். ஆனால் கார்வைகளில், வாத்தியம் தணிகிற இடங்களில், லூவின்கள் அந்த இடத்தில் போய் நிற்பது நன்றாகவே கேட்கிறது.

காந்தாரம் சேர்ந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. கீபோர்டு பழக்கத்தில் இருந்து பிள்ளைகளை மீட்டு, தம்புராவுக்குப் பாடவைத்து, சுருதியைச் சேர்த்து நிறுத்திவிடலாம். அப்புறமும் இரண்டு குரலாகவேதான் கேட்கும். நான் அதிகம் மல்லுக்கட்டியது சுருதியோடு அல்ல, உயிரெழுத்தோடு.

ஆங்கிலத்தில் 'மை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது ஒரு உயிர் இல்லை. 'ஆ'வில் தொடங்கி 'இ'யில் முடிகிற பயணம். அதை நாலு மாத்திரை நீட்டிப் பாடும்போது, எந்தக் கட்டத்தில் வாயை 'இ'க்குக் கொண்டுபோகிறோம்? ஒருவர் இரண்டாவது மாத்திரையில் போய்விட்டார், இன்னொருவர் கடைசியில்தான் போனார் என்றால், சுரம் ஒன்றாக இருந்தும் குரல் பிரிந்து நிற்கும். அலபாமா பேச்சில் அந்த 'இ' பெரும்பாலும் வரவே வராது. 'மா' என்று நீட்டி அப்படியே விட்டுவிடுவார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே அம்மாவின் பேச்சு. எங்கே வாயைத் திறப்பது, எங்கே மூடுவது என்று பேசி முடிவெடுக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. ரத்தம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி எனக்கு இப்படி, வீட்டுப் பேச்சாகத்தான் படுகிறது.

தமிழிலும் இதே தலைவலி உண்டு. சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரத்தைச் சிலர் உதடு குவிக்காமல் விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்துப் பழகியவர்கள் உதட்டைக் குவித்து முழு உகரமாக்கிவிடுவார்கள். திருநெல்வேலிப் பையன் ஒருவனையும் நாகர்கோவில் பையன் ஒருவனையும் பக்கத்தில் நிறுத்தி 'எனக்கு' என்று ஒரு கார்வை பிடிக்கச் சொன்னால், சுருதிப் பெட்டிக்குக் குறையில்லாமல், கேட்பவர் முகம் சுளிக்கும்படி பாடுவார்கள். முதலில் பாட்டை வைத்துவிட்டு வார்த்தையைப் பேசவைக்க வேண்டும். ஒருவர் பேசுகிற மாதிரியே மற்றவர் பேசிப் பழகின பிறகு சுரத்துக்குப் போனால், பாதி வேலை முடிந்திருக்கும்.

மெய்யெழுத்துக்குத் தனி வித்தை. 'ஸ்' என்ற ஒலி இரண்டு வாயிலிருந்து ஒரு நூலிழை முன்பின்னாக வந்தால் மைக்கில் இரண்டு சீற்றமாக விழும். அதனால் ஜோடியில் ஒருவர் மட்டும் 'ஸ்' சொல்ல, மற்றவர் அதை விழுங்கிவிடுவது பல பாடகர் குழுக்களில் உள்ள வழக்கம். நானும் அப்படித்தான் செய்யச் சொல்கிறேன். கூடப் பிறந்தவர்களுக்கு இந்தத் தந்திரமும் தேவைப்படாது என்பதுதான் எரிச்சல்.

அப்புறம் மைக். 1950களில் மேடையில் இரண்டு பேருக்கும் ஒரே மைக்தான். ஒலியின் அளவைச் சரிசெய்ய எதிரே பலகை வைத்துக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வேலையைப் பாடுகிறவர்களின் கால்களும் கழுத்தும்தான் செய்தன. உரக்கப் பாட வேண்டியவர் அரை அடி பின்னால் போவார், இறங்கிப் பாடுகிறவர் முன்னால் சாய்வார். கன்னத்துக்குக் கன்னம் இவ்வளவு நெருக்கமாக நிற்கும்போது பக்கத்து ஆள் மூச்சு எடுப்பது காதில் கேட்காது, தோளில் தெரியும். பாட்டின் எடுப்பு ஒன்றாக விழுவதற்கு இதைவிட நல்ல கைகாட்டல் கிடையாது. ஐரா இறந்து பல வருஷம் கழித்தும், துணைக்குரல் வர வேண்டிய இடத்தில் சார்லி தன்னை அறியாமல் இடப்பக்கம் நகர்ந்து மைக்கில் இடம்விடுவார். அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். உருக்கமான செய்தியாக இதைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, அந்த நகர்வு பாட்டின் ஒரு பகுதியாகவே உடம்பில் எழுதப்பட்டிருந்தது என்பது. இன்றைக்கு ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு காதுக்கருவி என்று நிற்கும் ஜோடிகளிடம் இதை எப்படிக் கேட்பது? எங்கள் ஒத்திகையில் நான் மைக்கை எடுத்து ஒளித்துவைத்துவிடுவேன்.

லூவின்களுக்கு முன்பே வானொலிக்கும் மைக்குக்கும் குரலைப் பழக்கியவர்கள் டெல்மோர் சகோதரர்கள், அவர்களும் அலபாமாதான். 1933இல் கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு வந்தார்கள். கூவிப் பாடுகிற காலத்தில் மெல்லப் பாடினார்கள். லூவின்கள் அவர்களைக் கேட்டு வளர்ந்ததற்குச் சாட்சியாக 1960இல் ஒரு முழு இசைத்தட்டையே அவர்கள் பாட்டுகளுக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

ஆண் குரல் ஜோடிகளையே பேசிக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்தால் கணக்கு வேறு. ஆர்கன்சா மாநிலத்துக்காரர்களான பிரவுன்ஸ் குழுவில் ஜிம் எட் என்ற ஆண், மேக்சின், பானி என்ற இரண்டு பெண்கள். எங்கள் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் ஜிம் ரீவ்ஸ் கேசட் சர்வசாதாரணம். அந்த ரீவ்ஸும் இவர்களும் ஆரம்பத்தில் ஒரே சின்ன நிறுவனத்துக்குப் பாடியவர்கள், பிறகு இரண்டு பேரையும் ஆர்சிஏவில் பதிவுசெய்தவர் செட் அட்கின்ஸ். 1959இல் வந்த 'த த்ரீ பெல்ஸ்' ஒரு பிரெஞ்சுப் பாட்டின் ஆங்கில வடிவம். இசையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்று இருந்தவர்கள் கடைசியாக ஒன்று என்று பாடியது, கன்ட்ரி பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பதிவில் நான் கவனிக்கச் சொல்வது மெட்டை அல்ல. பின்னால் மணியோசையாக வரும் அசைகளைக் கேளுங்கள். மூன்று பேர் வாயும் 'ம்' என்று மூடுகிற கணம். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; அதை எட்டிப் பிடிக்கப் பார்த்த எங்கள் கிறிஸ்துமஸ் கால ஒத்திகைகள் தனிக் கதை.

ரத்தத்தை அடியோடு மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்ணமும் தாடையும் மூக்கும் ஒரு சாடையில் இருக்கும். குரலின் நிறமும் அதனால் நெருங்கி வரும். ஆனால் சைமனும் கார்ஃபங்கலும் உறவில்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள், இன்னொரு அண்ணன் தம்பி ஜோடியான எவர்லி சகோதரர்களின் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பாடிப் பழகியவர்கள். பதின்பருவத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பாடத் தொடங்கிவிட்டார்கள். லூவின்களின் பாட்டு ஒன்றை 1975இல் எமிலூ ஹாரிஸ் பாடி வெற்றி கண்டபோது அவரோடு துணைக்குரல் பாடிய ஹெர்ப் பெடர்சனும் சொந்தக்காரர் இல்லை. ரத்தம் இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் நாளாகும். என் கட்சி அவ்வளவுதான்.

சகோதரர்களின் சண்டைகளைப் பற்றி எழுத எல்லோருக்கும் ஆசை. ஐரா குடிப்பார், சுருதி சேராத மாண்டலினை மேடையிலேயே போட்டு உடைப்பார். 1963இல் பிரிந்தார்கள், 1965 ஜூனில் மிசூரியில் நடந்த கார் விபத்தில் ஐரா போய்விட்டார். எவர்லி சகோதரர்களில் இளையவர் ஃபில் 1973 ஜூலையில் கலிஃபோர்னியா மேடை ஒன்றில் கிட்டாரை உடைத்துவிட்டு இறங்கிப்போனார். பத்து வருஷம் சேர்ந்து பாடவில்லை. 1983 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மறுபடி சேர்ந்தார்கள். இந்தக் கதையில் எனக்கு உபயோகமானது ஒன்றுதான்: அந்த லண்டன் பதிவில் அடிகளின் முடிவுகள் பழையபடியே ஒன்றாக அடைகின்றன. பத்து வருஷ மௌனத்தில் மறக்காத அளவுக்குத் தசைக்குள் போயிருக்கிறது. சின்ன வயதில் அயோவாவில் அப்பா ஐக் எவர்லியின் வானொலி நிகழ்ச்சியில் விடியற்காலையில் பாடிய பழக்கம் அது. மனது ஒத்துப்போனால்தான் குரல் ஒத்துப்போகும் என்று எங்கள் ஐயர்மார் பிரசங்கத்தில் சொல்வார்கள். பாடகர் குழுவை நடத்துகிறவன் அதை ஆமென் சொல்லிக் கேட்டுக்கொள்வானே தவிர, நம்ப மாட்டான்.

முடிவுகள் என்றேன். ஜோடிப் பாட்டின் உயிர் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம். எடுப்பில் தவறினால் அடுத்த சுரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அடி முடியும்போது, ஒருவர் விட்ட பிறகும் மற்றவர் ஒரு மின்னல் நேரம் பிடித்திருந்தால், அதற்குப் பிறகு வரும் மௌனத்தில் அது மட்டும்தான் கேட்கும். எனவே புதிய ஜோடிகளைப் பாட்டின் முதலிலிருந்து பழக்க மாட்டேன். கடைசி அசை, அதற்கு முந்திய சொல், அதற்கு முந்திய அடி என்று பின்னாலிருந்து முன்னுக்கு வருவோம். ஆளுக்கு ஆள் மற்றவரின் பார்ட்டை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதும் சட்டம். தன் பார்ட் மட்டும் தெரிந்தவனால் ஐரா செய்ததுபோல நடு அடியில் மெட்டை வாங்கிக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் ஒரே பாட்டில் ஒப்பிட்டுக் கேட்க ஒரு வசதி இருக்கிறது. 'கென்டக்கி' என்ற பாட்டை மூன்று சகோதர ஜோடிகள் பதிவுசெய்திருக்கிறார்கள். வட கரோலினாவின் புளூ ஸ்கை பாய்ஸ், அதாவது பில், ஏர்ல் போலிக் சகோதரர்கள், 1947இல். லூவின்கள் 1956இல் 'ட்ராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்' இசைத்தட்டின் முதல் பாட்டாக. எவர்லிகள் 1958இல் தங்கள் அப்பா கற்றுக்கொடுத்த பாட்டுகளின் தொகுப்பில். மெதுவான பாட்டு, சுலபமான மெட்டு, நீண்ட கார்வைகள். போலிக்குகள் திண்ணையில் பேசுகிற மாதிரித் தணிந்து பாடுகிறார்கள். மேல் குரல் பாடும் பில் தன்னை வெளியே காட்டிக்கொள்வதே இல்லை. லூவின்களின் பதிவில் ஐராவின் குரல் கூராக மேலே நிற்கிறது, ஒவ்வொரு கார்வைக்கும் கீழிருந்து ஒரு சின்ன ஜாருவோடு ஏறுகிறார். சார்லியும் அதே அளவுக்கு அதே நேரத்தில் ஏறுகிறார். எவர்லிகள் மூச்சுக்காற்றைக் குரலோடு கலந்து, கிட்டத்தட்டக் காதோடு பாடுகிறார்கள். ஃபில்லின் வரி பெரும்பாலும் காந்தார இடைவெளியை விட்டு நகராமல் அண்ணனின் மெட்டை நிழல்போலத் தொடர்கிறது.

பழைய பதிவுகளில் குரல்களைத் தனித்தனிப் பக்கமாகப் பிரித்துக் கேட்கும் வசதி கிடையாது. காதால்தான் பிரிக்க வேண்டும். அடுத்த வீட்டுப்பாடம் அதுவாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவேன்: மூன்று பதிவிலும் ஒரே அடியை எடுத்து, கீழ் வரியை எழுதி, அந்த அடியின் கடைசி உயிரில் வாய் எப்போது மூடுகிறது என்று குறித்துவர வேண்டும். கேட்டு ரசிக்க எனக்குப் போலிக்குகள்தான். பாடக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு எவர்லிகளிலிருந்து தொடங்கச் சொல்வேன், இடைவெளி மாறாமல் இருப்பதால் பிடிக்க எளிது. லூவின்களைப் பாடுவதற்கு அப்புறம் வரலாம், அவசரம் ஒன்றுமில்லை.